சறுக்கி நகரும் பாக்டீரியாக்களின் கூட்ட நகர்வும் அவை வரையும் வடிவங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் கல்லூரி மாணவர்களுக்கு நுண்ணுயிரியல் செயல்முறை வகுப்பு எடுக்கும்போதும், பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரைப் பள்ளிகளுக்கு நுண்ணோக்கியை எடுத்துக்கொண்டு போகும்போதும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்துள்ளேன். சில கேள்விகளை மாணவர்களும், சிலவற்றை அவர்களின் பெற்றோரான விவசாயிகளும் கேட்டார்கள்.

சறுக்கி நகர்வது என்றால் என்ன? பாக்டீரியாக்கள் நீந்தத்தானே செய்யும்?

நீந்துபவை பல உண்டு. அவற்றுக்குக் கசையிழை என்னும் சுழலும் வால் இருக்கும். நீர் இருந்தால்தான் அது பயன்படும். மண்துகளின் மேலும் மரப்பட்டையின் மேலும் வாழும் பாக்டீரியாக்களுக்கு அவ்வளவு நீர் கிடைப்பதில்லை. ஈரப் படலம் மட்டுமே உள்ள திடப்பரப்பில், கசையிழை இல்லாமல், உடலை வளைத்து நெளிக்காமல், தன் நீளவாக்கிலேயே முன்னேறும் நகர்வைத்தான் சறுக்கு நகர்வு என்கிறோம். இதில் அதிகம் ஆராயப்பட்ட உயிர் மிக்சோகாக்கஸ் சாந்தஸ் என்னும் மண் பாக்டீரியா ஆகும். அது 5 முதல் 7 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை நீளமும் அரை மைக்ரான் தடிமனும் கொண்ட மெல்லிய கோல். கீழே வரும் விளக்கங்களில் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

இது எவ்வளவு வேகமாகப் போகும்?

நிமிடத்துக்கு 2 முதல் 4 மைக்ரான் வரை போகும். ஒரு கேழ்வரகு மணியின் குறுக்களவை ஒன்றரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், எங்கும் நிற்காமல், திரும்பாமல் போனாலும் அதைக் கடக்க இந்தச் செல்லுக்கு எட்டு மணி நேரம் ஆகும். உண்மையில் அது அப்படிப் போவதே இல்லை. ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை வந்த வழியே திரும்பிவிடுகிறது. இந்தத் திரும்பல்தான் இப்பக்கத்தின் மையப் பொருள் என்பதால் அதற்குத் தனிக் கேள்வி கீழே உள்ளது.

காலும் இல்லை, கசையிழையும் இல்லை. பிறகு எதைக்கொண்டு நகர்கிறது?

மிக்சோகாக்கஸிடம் இரண்டு தனித்தனிப் பொறிகள் உள்ளன. 1979-ஆம் ஆண்டு ஜோனதன் ஹாட்ஜ்கின், டேல் கைசர் ஆகிய இரு ஆய்வாளர்களும் நகர்வு கெட்டுப்போன மரபுப்பிறழ்விகளை (மரபணு மாறிப்போன செல்களை) ஆராய்ந்து, ஒரு பொறிக்கான மரபணுக்கள் பழுதானாலும் மற்றது வேலை செய்கிறது என்பதையும், இரண்டும் பழுதானால்தான் செல் முழுமையாக நின்றுபோகிறது என்பதையும் காட்டினார்கள். தனியாகப் போகும் செல்களுக்கு உதவுவதைத் துணிச்சல் நகர்வு என்றும், கூட்டமாகப் போகும்போது உதவுவதைச் சமூக நகர்வு என்றும் அழைப்பது வழக்கமாகிவிட்டது. பெயர்கள் கொஞ்சம் கவித்துவமானவை. செல்லுக்குத் துணிச்சலும் இல்லை, கூச்சமும் இல்லை.

சமூக நகர்வில், செல்லின் முன்முனையிலிருந்து பைலை எனப்படும் மெல்லிய இழைகள் நீளுகின்றன. அவை அண்டைச் செல்லின் மேலோ தரையிலோ உள்ள சர்க்கரைப் பிசினில் ஒட்டிக்கொண்டு, பிறகு உள்ளே சுருங்கி, செல்லை முன்னே இழுக்கின்றன. கிணற்றிலிருந்து கயிற்றைச் சுருட்டி வாளியை ஏற்றுவதைப் போன்றது இது. துணிச்சல் நகர்வு வேறு மாதிரி. ஒகேனக்கல்லில் ஆழம் குறைந்த இடத்தில் பரிசல்காரர் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளும்போது, கழி ஊன்றிய இடத்திலேயே நிற்க, பரிசல் மட்டும் முன்னேறுவதைப் பார்த்திருப்பீர்கள். பரிசலில் இருப்பவருக்குக் கழிதான் பின்னே போவதாகத் தோன்றும். மிக்சோகாக்கஸ் செல்லின் முன்முனையில் புரதங்கள் கூடி ஒரு பிடிமானத்தை அமைக்கின்றன. அது தரையைப் பொறுத்தவரை அசையாமல் இருக்க, செல் அதைத் தாண்டி முன்னேறுகிறது. பிடிமானம் பின்முனையை அடைந்ததும் கலைந்துவிடுகிறது. இதற்கான ஆற்றல் செல்சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாட்டிலிருந்து கிடைக்கிறது.

நடைமுறைக்கு ஒரு குறிப்பு: பாக்டீரியா வளர்க்கும் தட்டில் ஊற்றும் கூழான அகார் இறுகலாக இருந்தால், அதாவது 1.5 விழுக்காட்டில், துணிச்சல் நகர்வு நன்றாக நடக்கும், 0.3 விழுக்காட்டுக் குழைவான அகாரில் சமூக நகர்வு மேலோங்கும். வகுப்பில் இரண்டு தட்டுகளையும் அருகருகே வைத்தால் விளிம்புகளின் வேறுபாடே பாடத்தைச் சொல்லிவிடும்.

ஏன் அடிக்கடி திரும்புகிறது? முன்னேற வேண்டிய ஒன்று பின்னே போவது வீண்வேலை அல்லவா?

பாலக்கோட்டுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்ட கேள்வி இது. என் கணக்கில் இதுவரை வந்தவற்றில் இதுவே சிறந்தது.

முதலில், திரும்புதல் என்றால் பேருந்து வளைந்து திரும்புவதைப் போல் நினைத்துக்கொள்ளக் கூடாது. செல் அப்படியே இருக்கிறது. முன்முனை எது, பின்முனை எது என்பது மட்டும் மாறுகிறது. இரு முனையிலும் ஓட்டுநர் அறை உள்ள மின்ரயில் கடைசி நிலையத்தில் செய்வதுதான் இது. எம்ஜிஎல்ஏ என்னும் புரதம் எந்த முனையில் இருக்கிறதோ அது முன்முனை; எஃப்ஆர்இசட் என்று குறிக்கப்படும் சமிக்ஞைத் தொகுதி, அந்தப் புரதம் எப்போது எதிர்முனைக்கு இடம் மாற வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துகிறது.

இனி, வீண்வேலையா என்ற கேள்விக்கு வருவோம். தனிச் செல்லைப் பொறுத்தவரை அது வீண்வேலைதான். நெரிசலுக்குள் இருக்கும் செல்லைப் பொறுத்தவரை அப்படி அல்ல. கோல் வடிவச் செல்கள் அடர்ந்து கிடக்கும்போது ஒன்றையொன்று முட்டிச் சிக்கிக்கொள்கின்றன. ஒரே திசையில் தள்ளிக்கொண்டே இருந்தால் சிக்கல் இறுகும். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டால், பின்னால் வருபவை எல்லாம் முன்னே முட்டிக்கொண்டு நிற்பதால் எதுவும் நகராது என்பதும், கடைசியில் நிற்பவை சற்றுப் பின்வாங்கினால்தான் வழி பிறக்கும் என்பதும் நமக்குப் பழக்கமான அனுபவம். 2009-இல் கைசரும் உடனாய்வாளர்களும் கணினி மாதிரியில், திரும்பும் கால இடைவெளியை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மிக அடிக்கடி திரும்பினாலும் கூட்டம் பரவவில்லை. திரும்பாமலே இருந்தாலும் பரவவில்லை. ஏறத்தாழ எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பும்போதுதான் கூட்டத்தின் விளிம்பு மிக வேகமாக வெளியே விரிந்தது. உயிருள்ள செல்களில் அளக்கப்படும் இடைவெளியும் அதை ஒட்டியே இருக்கிறது. தனிச் செல்லின் பயணத்தைக் கெடுக்கும் பழக்கம்தான் கூட்டத்தின் பயணத்தை நடத்துகிறது.

திரும்பும் பொறி பழுதான பிறழ்விகளைத் தட்டில் வளர்த்தால், அவை பட்டினியில் வழக்கமாகக் கட்டும் மேட்டைக் கட்டாமல், வாராத தலைமுடியைப் போல் சிக்கலான இழைகளாகச் சுருண்டு கிடக்கின்றன. எஃப்ஆர்இசட் என்ற பெயரே சுருண்ட முடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது.

இவற்றுக்குத் தலைமை தாங்குவது எது?

எதுவும் இல்லை. ஒவ்வொரு செல்லுக்கும் தெரிவது தன்னைத் தொடும் செல்லும், தன் கீழே உள்ள தரையும் மட்டுமே. முன்னே போன செல் விட்டுச்சென்ற கோழைத் தடத்தை அடுத்த செல் பின்பற்றுகிறது. அதன்மேல் இன்னொன்று போகும்போது தடம் மேலும் தெளிவாகிறது. யாரும் திட்டமிடாமலேயே கொல்லைப்புறத்தில் ஒற்றையடிப் பாதை உருவாவது இப்படித்தான். பத்திரிகைகள் சில நேரம் எழுதுவதைப் போல ‘பாக்டீரியாக்கள் கூடிப் பேசி முடிவெடுக்கின்றன’ என்று சொல்வதை நான் தவிர்க்கிறேன். அந்தச் சொற்றொடர், விளக்க வேண்டிய இடத்தில் விளக்கத்தை நிறுத்திவிடுகிறது.

தட்டில் அலைகள் ஓடுவதாகச் சொல்கிறார்களே, நீர் அலை போன்றதா?

பார்வைக்கு அப்படியே இருக்கும். உள்ளே நடப்பது வேறு. மிக்சோகாக்கஸ் உண்ணும் இரை பாக்டீரியாக்கள் சிதைந்து கிடக்கும் இடத்திலும், கனியுடல் என்னும் மேட்டைக் (இதற்குத் தனிக் கேள்வி கீழே உள்ளது) கட்டத் தொடங்கும் முன்பும், செல்கள் அடர்ந்த முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கோடுகளாய் நகர்வதைக் காணலாம். இடைவெளிவிட்டு எடுத்த படங்களை ஓட்டிப் பார்த்தால், எதிரெதிராக வரும் இரண்டு முகடுகள் ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்துபோவதைப் போலவே தெரியும்.

ஆனால் ஒளிரும் புரதம் ஏற்றிய சில செல்களை மட்டும் கலந்து பின்தொடர்ந்தபோது, எந்தச் செல்லும் கடந்துபோகவில்லை என்பது தெரிந்தது. பள்ளி மைதானத்தில் ஒரே சீருடை அணிந்த இரண்டு வரிசை மாணவர்கள் எதிரெதிரே ஓடிவந்து, நடுவில் கைதட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். மாடியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு வரிசைகளும் ஒன்றினுள் ஒன்று புகுந்து போனதாகத்தான் தோன்றும். முகம் தெரிந்தால் மட்டுமே யாரும் கடக்கவில்லை என்பது புரியும். செல்களும் எதிர் வரிசையைத் தொட்டவுடன் திரும்புகின்றன. திரும்பிய உடனே மறுபடியும் திரும்பத் தூண்டப்படாமல் சிறிது நேரம் இருக்கும் ஓய்வுக்காலமும் சேர்ந்தால்தான் அலை நிலைத்து ஓடும். 2001-இல் இகோஷின், மோகில்னர், வெல்ச், கைசர், ஆஸ்டர் ஆகியோர் இந்த விதிகளை மட்டும் கொண்டு அலைகளைக் கணித முறையில் உருவாக்கிக் காட்டினார்கள்.

பாக்டீரியாக் கூட்டத்துக்கும் கைரேகைக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு வகுப்பில் சொன்னீர்கள். விளக்க முடியுமா?

வடிவியல் தொடர்பு மட்டுமே. ரேஷன் கடைக் கருவியில் வைக்கும் உங்கள் கட்டைவிரலைக் கொஞ்சம் மை தடவித் தாளில் பதித்துப் பாருங்கள். கோடுகள் பெரும்பாலும் இணையாக ஓடும்; ஆனால் சில இடங்களில் இணையாக ஓட முடியாமல் போகும். ஓரிடத்தில் கோடுகள் கொண்டை ஊசியைப் போல் வளைந்து திரும்பும். இன்னோரிடத்தில் மூன்று திசையிலிருந்து வரும் கோடுகள் முக்கோணமாகச் சந்திக்கும். கோல் வடிவச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இணையாகப் படுத்திருக்கும் படலத்திலும் இதே இரண்டு வகைக் குறைபாடுகள் தோன்றுகின்றன. இவை தவறுகள் அல்ல. இணைக்கோடுகளால் ஒரு பரப்பை நிரப்ப முயலும் எதற்கும் நேர்பவை.

வேறுபாடு என்னவென்றால், கைரேகை அசைவதில்லை, செல்கள் அசைகின்றன. 2021-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழுவினர், கொண்டை ஊசி வளைவு உள்ள இடங்களில் செல்கள் வந்து குவிவதையும், முக்கோணச் சந்திப்புகளிலிருந்து செல்கள் வெளியேறுவதையும் அளந்து காட்டினார்கள். குவியும் இடத்தில் இரண்டாவது அடுக்கு எழுகிறது. வெளியேறும் இடத்தில் ஓட்டை விழுகிறது. ஒற்றை அடுக்காகப் பரந்திருந்த கூட்டம் எங்கே மேடு கட்டத் தொடங்கும் என்பதற்கு வேதிச் சமிக்ஞை எதுவும் தேவைப்படாத ஒரு விடை இதில் கிடைத்துவிடுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த முடிவு இதுதான்.

கனியுடல் என்பது என்ன?

உணவு தீர்ந்துபோனதும் மிக்சோகாக்கஸ் செல்கள் கூடிக் கட்டும் மேடு அது. ஏறத்தாழ ஒரு லட்சம் செல்கள் ஒன்றில் இருக்கும். உயரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும் என்பதால் கைலென்ஸில் புள்ளியாகத் தெரியும். அமினோ அமிலம் குறைந்ததைச் செல் உணர்ந்ததும், முதலில் செல்கள் வெளியிடும் அமினோ அமிலக் கலவை, போதுமான எண்ணிக்கையில் பட்டினிச் செல்கள் அருகே இருக்கின்றன என்பதை அறிவிக்கிறது. பிறகு, செல்கள் தொட்டுக்கொள்ளும்போது மட்டுமே கைமாறும் சி-சமிக்ஞை செயல்படுகிறது. அதன் அளவு குறைவாக இருக்கையில் அலைகளும், கூடும்போது குவிதலும், உச்சத்தில் வித்தாக மாறுதலும் நிகழ்கின்றன. நெரிசல் கூடினால் தொடுதல் கூடும், தொடுதல் கூடினால் சமிக்ஞை கூடும், சமிக்ஞை கூடினால் திரும்புதல் குறைந்து மேலும் நெரிசல் ஆகும். ஒரு நாளுக்குள் மேடு தெரியும். மூன்று நாளில் உள்ளே இருப்பவை உருண்டை வித்துகளாக மாறி, வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் நிலைக்கு வந்துவிடும். 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பட்டினியில் செல்கள் வேகம் கூட்டித் திரும்புதலைக் குறைத்துக்கொள்வதே கூட்டம் திரளாகப் பிரிவதற்கு இயற்பியல் அடிப்படையில் போதுமானது என்று காட்டியது.

எல்லாச் செல்களும் வித்தாகின்றனவா?

இல்லை. சிறுபகுதியே வித்தாகிறது, பெரும்பகுதி சிதைந்துபோகிறது, சில செல்கள் கோலாகவே மேட்டைச் சுற்றித் திரிகின்றன. சிதைவதைத் தியாகம் என்று எழுதும் வழக்கம் உண்டு. செல்லிடம் கேட்க முடியாது என்பதால் நான் அப்படி எழுதுவதில்லை.

எங்கள் தோட்டத் தண்ணீர்த் தொட்டியில் படியும் கருநீலப்பச்சைப் படலமும் நகருமா?

பல தொட்டிகளில் நகரும். அது பெரும்பாலும் ஆசிலட்டோரியா போன்ற இழைவடிவ நீலப்பச்சைப் பாசியாக இருக்கும். பாசி என்று அழைத்தாலும் அதுவும் பாக்டீரியாதான், சறுக்கி நகரும் வகைதான். காரிமங்கலம் அருகே ஒரு போர்வெல் தொட்டியின் சுவரிலிருந்து நகத்தால் சுரண்டிய மிளகளவு படலத்தை, வெள்ளைப் பீங்கான் தட்டில் இரண்டு கரண்டி தொட்டி நீர் விட்டு நடுவில் வைத்தோம். காலை பத்து மணிக்கு வைத்தபோது அது ஒரு கரும் கட்டி. பிற்பகல் சிற்றுண்டி இடைவேளைக்குள் கட்டியைச் சுற்றி எல்லாத் திசையிலும் மயிரிழைகள் கதிர்களாக நீண்டு, தட்டின் அடியில் பச்சைச் சூரியன் வரைந்ததைப் போல் ஆகிவிட்டது. தட்டின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி மறுநாள் பார்த்தபோது, வெளிச்சம் விழுந்த பக்கம் அடர்ந்து, மூடிய பக்கம் வெளுத்திருந்தது. இதற்கு நுண்ணோக்கி தேவையில்லை. இழைகள் தற்செயலாக முட்டி, ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்ந்து ஓடுவதாலேயே, விட்டுவைத்தால் படலம் வலைக்கண் வடிவமாக மாறும்.

கிருஷ்ணகிரி அணைப் பகுதியில் மீன்குஞ்சு வளர்க்கிறோம். இந்த வகை பாக்டீரியா மீனைப் பாதிக்குமா?

மிக்சோகாக்கஸ் பாதிக்காது. ஆனால் ஃபிளேவோபாக்டீரியம் காலம்னேர் என்னும் வேறொரு சறுக்கு பாக்டீரியா, நன்னீர் மீன்களின் செவுளையும் தோலையும் அரிக்கும் காலம்னாரிஸ் நோயை உண்டாக்குகிறது. தட்டில் அதன் கூட்டம் மஞ்சள் நிறத்தில் வேர் பரப்பியதைப் போல் வளரும். அந்த வேர் வடிவம் சறுக்கு நகர்வின் விளைவுதான். இதே பேரினத்தைச் சேர்ந்த ஃபிளேவோபாக்டீரியம் ஜான்சோனியே, உடலைச் சுற்றி ஓடும் ஒட்டுப்புரதத்தைச் சக்கரப்பட்டை போலப் பயன்படுத்தி, நொடிக்கு இரண்டு மைக்ரான் அளவில் ஓடுகிறது. மிக்சோகாக்கஸ் ஒரு நிமிடத்தில் போகும் தொலைவு இதற்கு ஓரிரு நொடி. குஞ்சுகள் செவுள் வெளுத்துச் செத்தால் மீன்வளத் துறை அலுவலரிடம் மாதிரியைக் காட்டுங்கள். இந்தப் பக்கத்தைப் படித்து மருந்து இட வேண்டாம்.

தக்காளி வாடலுக்கு மிக்சோகாக்கஸ் மருந்தாகுமா?

மிக்சோகாக்கஸும் அதன் உறவினங்களுமான மிக்சோபாக்டீரியாக்கள் மற்ற பாக்டீரியாக்களையும் பூஞ்சைகளையும் கூட்டமாகச் சூழ்ந்து கரைத்து உண்பவை என்பதால் இந்தக் கேள்வி நியாயமானதே. சீனாவில் வெள்ளரியின் ஃபியூசேரியம் வாடலை, கொராலோகாக்கஸ் என்னும் மிக்சோபாக்டீரியாவைக் கொண்டு கட்டுப்படுத்திய ஆய்வு 2020-இல் வெளிவந்துள்ளது. ஆனால் சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா பொட்டலங்களைப் போலக் கடையில் கேட்டு வாங்கும் பொருளாக இதை இப்போது எண்ண வேண்டாம். மருத்துவத்தில் ஒரு வெற்றி உண்டு: சோராஞ்சியம் செல்லுலோசம் என்னும் இனத்தில் கண்டறியப்பட்ட எபோதிலோன் என்னும் வேதிப்பொருளிலிருந்து உருவான இக்சாபெபிலோன் என்னும் மருந்து, 2007-இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்டது.

நம் மண்ணில் இவை உண்டா? எப்படிப் பார்ப்பது?

உண்டு. மண், மக்கும் மரப்பட்டை, புல்மேயும் விலங்குகளின் சாணம் ஆகியவை இவற்றின் வழக்கமான இடங்கள். ஆட்டுக்கிடை போட்ட கேழ்வரகுக் கொல்லை என்றால் இன்னும் நல்லது. மண்ணைச் சலித்து ஒரு மூடியுள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு விரற்கடை பரப்பி, நனைத்து, பிரஷர் குக்கரில் இருபது நிமிடம் வேகவைத்து ஆறிய ஆட்டுப் புழுக்கைகளைப் பாதி புதையுமாறு வைக்க வேண்டும். வேகவைப்பது புழுக்கையோடு வரும் பூஞ்சையைக் கொல்வதற்கே. கையுறை அணியுங்கள்; அந்தக் குக்கரைச் சமையலுக்குத் திருப்பித் தர வேண்டாம். நாள்தோறும் ஈரம் பார்த்து, ஐந்தாம் நாளிலிருந்து கைலென்ஸால் புழுக்கையின் மேற்பரப்பைத் தேடுங்கள்.

எங்கள் முதல் முயற்சி வீணானது. தண்ணீர் அதிகமாகித் தேங்கியதால் கிண்ணம் முழுவதும் வெண்பூஞ்சை மூடிவிட்டது. இரண்டாம் முறை, பென்னாகரம் பக்கத்து மண்ணில், ஒன்பதாம் நாள் காலையில் ஒரு புழுக்கையின் பள்ளத்தில் கடுகிலும் பன்மடங்கு சிறிய ஆரஞ்சு மணிகள் ஏழெட்டு பளபளத்தன. ஊசிமுனையால் தொட்டபோது குழைந்து ஒட்டிக்கொண்டன. நசுக்கி நுண்ணோக்கியில் வைத்தபோது உருண்டை வித்துகள் கொட்டின.

அது பூஞ்சை இல்லை என்று எப்படிச் சொல்வது?

இந்தக் குழப்பம் பழையது. 1892-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ரோலண்ட் தாக்ஸ்டர் இவை பாக்டீரியாக்கள் என்று காட்டும்வரை, இவற்றில் சில பூஞ்சைகளாகவே பதிவாகியிருந்தன. நசுக்கிய மாதிரியில் இழைவலை தெரிந்தால் அது பூஞ்சை. கண்ணாடி போன்ற காம்பின் நுனியில் கறுப்புத் தொப்பி இருந்து, அது வெளிச்சத்தை நோக்கிச் சாய்ந்திருந்தால் அது பைலோபோலஸ், சாணப்பூஞ்சை. இழையே இல்லாமல் கோழைக்குள் உருண்டை வித்துகளும், விளிம்பில் சில மெல்லிய கோல்களும் மட்டும் இருந்தால், அந்தக் கோல்களில் ஒன்றைக் கண்ணெடுக்காமல் பதினைந்து நிமிடம் பாருங்கள்; இடையில் அது வந்த வழியே ஒருமுறையாவது திரும்பக்கூடும்.